உஷார்! ‘போன்ல போட்டிருக்கு’ என்கிறதா உங்கள் பிள்ளை?

பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு வியாபாரியை ஏமாற்றிப் பாருங்கள், பார்ப்போம். சின்ன வெங்காய மூட்டையை அவிழ்த்து மேலே கிடப்பதைக் காட்டினால் அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கையை உள்ளே விட்டு அடியில் கிடப்பதை எடுப்பார். நசுக்குவார், மோந்து பார்ப்பார். விலை சொன்னால் சரி என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் நாலு கடை தள்ளிப் போய் அங்கே என்ன விலை என்று விசாரித்துவிட்டு வருவார். கேரளாவுக்கு இன்றைக்கு எத்தனை லோடு ஏறுகிறது என்று போனில் கேட்பார். அதற்குப் பிறகுதான் பேரமே ஆரம்பிக்கும்.

அதே மனுஷன் ராத்திரி வீட்டுக்கு வந்து இலையில் கை வைக்கும்போது, எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் சொல்கிறான்: “எப்பா, திருநள்ளாறு கோயிலுக்கு மேல போற சாட்டிலைட் எல்லாம் மூணு செகண்டு நின்னுதான் போகுதாம். நாசாவே மிரண்டு போச்சாம்.”

“யாருல சொன்னா?”

“போன்ல போட்டிருக்குப்பா.”

“அப்படியா!”

விசாரணை முடிந்தது. வெங்காயத்துக்குக் கிடைத்த மரியாதை நாசாவுக்குக் கிடைக்கவில்லை.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இந்த ‘போன்ல போட்டிருக்கு’ ஒரு பாட்டியின் உயிரைக் குடித்திருக்கிறது. 2018 மே 9. திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கம் அத்திமூர். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம், வழியில் வண்டியை நிறுத்தியபோது அங்கே நின்ற சின்னப் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. ‘பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது’ என்று சில வாரங்களாகவே வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்த நேரம். ஊர் கூடிவிட்டது. 65 வயது மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். கூட வந்தவர்கள் படுகாயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அடித்தவர்கள் பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பித்தான் அடித்தார்கள். எனக்கு இதில் பயமே அந்த நம்பிக்கையைப் பார்த்துத்தான்.

அந்த வருஷம் நாடு முழுக்கச் சுற்றிய ‘கடத்தல்’ வீடியோக்களில் ஒன்றின் பூர்வீகத்தைத் தேடிப் போனவர்கள் கராச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பாகிஸ்தானில் ஒரு தொண்டு அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. பைக்கில் வருகிற இருவர் தெருவில் விளையாடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். உடனே திரும்பி வந்து பிள்ளையை இறக்கிவிட்டு, கடத்துவதற்கு ஒரு நொடி போதும் என்று எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் நறுக்கிவிட்டான். மிச்சம் இருந்தது ஒரு பச்சைக் கடத்தல். அதே 2018 ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிராவின் துளே மாவட்டத்தில் ரைன்பாடா என்ற ஊரில் இதே மாதிரி வதந்தியால் ஐந்து பேர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று வாட்ஸ்அப் கடிவாளம் போட்டது.

கொலை வரை போக வேண்டாம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது. ஒன்பது மாதக் குழந்தையிலிருந்து பதினைந்து வயது வரை, ஏறத்தாழ 1.76 கோடிப் பிள்ளைகளுக்குப் போட வேண்டும். ஊசி போட்டால் பிள்ளைக்கு அது வரும், இது வரும் என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட்டார்கள். படித்த பெற்றோரே பள்ளிக்கூடத்துக்கு ‘என் பிள்ளைக்குப் போடாதீர்கள்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டிவந்தது. அதற்குச் சில மாதம் முன்புதான் புது 2,000 ரூபாய் நோட்டுக்குள் நானோ சிப் இருக்கிறது, பூமிக்கடியில் புதைத்தாலும் சாட்டிலைட் கண்டுபிடித்துவிடும் என்று டிவியிலேயே படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நோட்டே போய்விட்டது. சிப்பை மட்டும் கடைசி வரை யாரும் பார்க்கவில்லை.

இவை எல்லாம் பெரியவர்கள் ஏமாந்த கதைகள் என்று ஆறுதல்பட வேண்டாம். 2020-இல் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் பூட்டியபோது பாடம் படிக்கவென்று வீட்டுக்குள் வந்த போன், பள்ளிக்கூடம் திறந்த பிறகும் பிள்ளை கையை விட்டுப் போகவில்லை. நமக்குத் தெரியாத செட்டிங் எல்லாம் பிள்ளைக்குத் தெரிகிறது. ‘எம் பிள்ளை போன்ல புலி’ என்று நாமும் பெருமை பேசுகிறோம். விரல் வேகமாக ஓடுவதற்கும் விசாரித்து அறிவதற்கும் சம்பந்தமே கிடையாது. அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். லைல் ஸபாட்டோ என்ற பெயரில் ஒருவர் 1998-இல் விளையாட்டாக ஒரு இணையதளம் தொடங்கினார்: மரத்தில் வாழும் ஆக்டோபஸ் என்று ஒரு உயிரினம் இருக்கிறது, அழிந்துவருகிறது, காப்பாற்றுங்கள். படம், வரைபடம், உணவுப் பழக்கம், உதவி கேட்கும் பக்கம், எல்லாம் உண்டு. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் லூ குழுவினர், இணையத்தில் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள் என்று பெயர் வாங்கிய ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அதைக் காட்டினார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் நம்பினார்கள். இது பொய் என்று சொன்ன பிறகும் சிலர், இல்லை, இருக்கிறது என்று வாதாடினார்கள்.

நம்ம ஊர் மர ஆக்டோபஸ்தான் அந்தத் திருநள்ளாறு சாட்டிலைட். அதை ஒரு நாள் பிள்ளையோடு உட்கார்ந்து உரித்துப் பாருங்கள். திட்டாதீர்கள், சிரிக்காதீர்கள். “யாரு சொன்னதாம்?” என்று மட்டும் கேளுங்கள். நாசா என்பான். நாசாவில் யார், எந்த வருஷம், எங்கே எழுதினார்கள்? நாசாவுக்கென்று சொந்த இணையதளம் இருக்கிறதே, அங்கே இருக்கிறதா? தேடச் சொல்லுங்கள். கிடைக்காது. அடுத்து கணக்கு. பூமியைத் தாழ்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏறக்குறைய ஏழரைக் கிலோமீட்டர் போகிறது. பாவூர்சத்திரத்துக்கு நேர் மேலே இருந்தால் மூன்று நொடியில் குற்றாலத்தைத் தாண்டி மலையேறியிருக்கும். அந்த வேகம் இருப்பதால்தான் அது கீழே விழாமல் இருக்கிறது. நின்றால் விழுந்துவிடும். எட்டாம் வகுப்பு அறிவியலே போதும், இதற்கு ஐஐடி தேவையில்லை.

சனீஸ்வரனைக் கும்பிடுகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆயிரம் வருஷத்துக்கு மேலாக ஜனம் தேடிவருகிற கோயிலுக்கு அமெரிக்கக்காரன் சர்ட்டிபிகேட் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

இதைவிட நயமான இன்னொன்று இருக்கிறது. சிதம்பரம் நடராஜரின் கால் பெருவிரல்தான் பூமியின் காந்தப்புல நடுப்புள்ளி. எட்டு வருஷம் ஆராய்ச்சி செய்து வெளிநாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள் என்று வரும். அதோடு சேர்த்து, காளஹஸ்தி, காஞ்சிபுரம், சிதம்பரம் மூன்றும் ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன என்றும் இருக்கும். பிள்ளை கூகுள் மேப்பைத் திறந்து பார்த்தால் பின்னது ஏறக்குறைய சரியாகவே இருக்கும். மூன்றும் 79.7 பாகையை ஒட்டித்தான் இருக்கின்றன. ‘பாத்தீங்களா, உண்மைதான்’ என்று முழுச் செய்தியையும் விழுங்கிவிடுவான். கெட்டிக்காரப் பொய் எப்போதும் ஒரு துண்டு உண்மையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வரும். ஒரு வரி சரி என்பதற்காக அடுத்த வரியும் சரியாகிவிடாது. ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக ஆதாரம் கேட்க வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

காந்த நடுக்கோடு உண்மையில் எங்கே போகிறது? இங்கேதான் நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதிர்ஷ்டம். அது சிதம்பரத்தில் இல்லை, தெற்கே வெகுதூரம் தள்ளி, நம்ம பக்கம். 1963 நவம்பர் 21-இல் இந்தியாவின் முதல் ராக்கெட்டைத் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவிலிருந்து விட்டார்களே, அந்த மீனவக் குப்பத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே காந்த நடுக்கோடு பக்கத்தில் போவதுதான். அதே காரணத்துக்காக இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் ஒரு ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. ஆமாம், வெங்கடாசலபதி கோயில் சிற்பங்களுக்குப் பேர்போன அதே கிருஷ்ணாபுரம். காந்த நடுக்கோடு உலகத்தைச் சுற்றிப் போகிற ஒரு கோடு, அதுவும் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் நகர்கிற கோடு. கோட்டுக்கு எங்கிருந்து வந்தது நடுப்புள்ளி? பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வேன் பிடித்துப் போனால் நேரிலேயே விசாரித்துவிட்டு வரக்கூடிய தூரத்தில் விஞ்ஞானிகள் உட்கார்ந்திருக்கும்போது, நம் பிள்ளைகள் ஃபார்வர்டைப் படித்துப் புல்லரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது அந்த மார்க்கெட் வியாபாரிக்கு வருவோம். இணையதளம் நம்பகமானதா என்று கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு வழக்கமாகச் சொல்லித்தருவது என்ன? டிசைன் ஒழுங்காக இருக்கிறதா பார், எழுத்துப்பிழை இருக்கிறதா பார், ‘எங்களைப் பற்றி’ பக்கத்தைப் படி, பூட்டுப் படம் இருக்கிறதா பார். இத்தனையும் மூட்டையின் மேல்வெங்காயம். ஏமாற்றுகிறவன் முதலில் சரிசெய்வதே இவற்றைத்தான். பூட்டுப் படம் என்பது உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே போகிற தகவலை வேறு யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதை மட்டும்தான் சொல்கிறது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் திருடனா என்று சொல்லாது. ஜனங்கள் அதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றே குரோம் உலாவி 2023-இல் அந்தப் பூட்டை எடுத்துவிட்டது.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மக்ரூ இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தைப் போட்டு உடைத்தது. வரலாற்றில் டாக்டர் பட்டம் வாங்கிய பத்துப் பேர், அதே ஸ்டான்போர்டின் மாணவர்கள் 25 பேர், பத்திரிகைகளில் தகவல் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட பத்துப் பேர். எல்லோரிடமும் குழந்தை மருத்துவர் அமைப்புகள் இரண்டின் இணையப் பக்கங்களைக் கொடுத்து எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று அறுபதாயிரத்துக்கு மேல் உறுப்பினர் கொண்ட பழைய சங்கம். இன்னொன்று கொள்கைத் தகராறில் அதிலிருந்து 2002-இல் பிரிந்துபோன சின்னக் கூட்டம். பெயரும் பக்கமும் பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மாணவர்களில் பாதிக்கு மேல் தவறாகச் சொன்னார்கள். பேராசிரியர்களே தடுமாறினார்கள். தகவல் சரிபார்ப்பவர்கள் மட்டும் ஒருவர்கூடத் தவறவில்லை.

அவர்கள் செய்தது என்ன தெரியுமா? பக்கத்தைப் படிக்கவே இல்லை. மற்றவர்கள் மேலிருந்து கீழே வரை கவனமாகப் படித்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் சில நொடியில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்து, இன்னொரு ஜன்னலைத் திறந்து, ‘இந்த அமைப்பு யார்? மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?’ என்று தேடினார்கள். நாலு கடை தள்ளிப் போய் விலை கேட்பதுதான் அது! ஸ்டான்போர்டு ஆய்வு செய்து கண்டுபிடித்ததை நம்ம கமிஷன் கடைக்காரர் தினமும் விடியக்காலையில் செய்துகொண்டிருக்கிறார். மகனுக்குச் சொல்லித்தர மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. மார்க்கெட்டில் வேலை பார்க்கிற எந்த அப்பாவும் ‘எனக்கு இன்டர்நெட் தெரியாது, நான் என்னத்தச் சொல்லித்தர’ என்று இனிமேல் நழுவ வேண்டாம்.

ஒரு சின்னப் பரீட்சை வையுங்கள். ‘பாவூர்சத்திரம் எந்த மாவட்டம்?’ என்று பிள்ளையைத் தேடச் சொல்லுங்கள். தென்காசி என்று சில பக்கம் சொல்லும், திருநெல்வேலி என்று சில பக்கம் சொல்லும். எது பொய்? இரண்டும் பொய் இல்லை. தென்காசி தனி மாவட்டமாகத் தொடங்கப்பட்டது 2019 நவம்பர் 22-இல். அதற்கு முன்னால் எழுதியவர்கள் திருநெல்வேலி என்றுதானே எழுதியிருப்பார்கள்? அப்படியே கிடக்கிறது, யாரும் திருத்தவில்லை. பிள்ளை இங்கே கற்றுக்கொள்வது தேதி பார்க்கிற பழக்கம். குற்றால சீசன் நேரத்தில் இது உயிர்ப் பிரச்சினை. 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு பதினேழு வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனதை நாம் மறக்கவில்லை. ஜனங்கள் அலறி ஓடும் அந்த வீடியோ இன்றும் இணையத்தில் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்து ‘இன்று காலை’ என்று போடலாம். தலைகீழாகவும் நடக்கும்: போன மாதம் அருவி சாதுவாக விழுந்த ரீல்ஸைப் பார்த்து, தடை போட்டிருக்கிற நாளில் பையன்கள் பைக்கைக் கிளப்பிவிடுவார்கள். குளிக்கலாமா கூடாதா என்பதை மாவட்ட நிர்வாகம் சொல்ல வேண்டும், இன்ஸ்டாகிராம் சொல்லக்கூடாது.

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வார்த்தை. ‘ப்ராஜெக்ட்’ என்று ஒன்று கொடுக்கிறீர்கள். பிள்ளை நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போகிறது. “அண்ணே, வேலு நாச்சியார் பத்தி ரெண்டு பக்கம், கலர் பிரிண்டு.” கடைக்கார அண்ணன் கூகுளில் தட்டி முதலில் வருவதை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். அவருக்கு அடுத்தாற்போல ஆதார் அட்டை லேமினேஷன் இருக்கிறது, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பிள்ளை படிக்கவில்லை. அம்மா ஓரத்தில் ஜிகினா ஒட்டுகிறாள். டீச்சர் ‘வெரி குட்’ போடுகிறார். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று நாலு பேரில் ஒருவருக்கும் தெரியாது. ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்: தாளின் அடியில் எந்தத் தளம், யார் எழுதியது, எந்தத் தேதி என்று பிள்ளை கைப்பட எழுத வேண்டும். இரண்டாவதாக வேறு ஒரு இடத்தில் பார்த்து, அங்கே என்ன மாறியிருக்கிறது என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் மார்க். ஜிகினாவுக்கு மார்க் கிடையாது. விக்கிப்பீடியாவில் பார்க்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. ஆனால் கட்டுரையின் அடியில் இருக்கிற சான்றுகளில் ஒன்றையாவது திறந்து பார்த்துவிட்டு வர வேண்டும்.

இத்தனை நாளும் குறைந்தது ஒரு இணையதளம் என்று ஒன்று இருந்தது, பெயர் இருந்தது. இப்போது அதுவும் போய்க்கொண்டிருக்கிறது. கேள்வி கேட்டால் செயற்கை நுண்ணறிவு நேரே பதில் சொல்லிவிடுகிறது, நல்ல தமிழில், சந்தேகமே இல்லாத குரலில். 2024 மே மாதம் கூகுள் தன் தேடலுக்கு மேலேயே இப்படிப் பதில் தர அமெரிக்காவில் ஆரம்பித்தபோது, பீட்ஸாவில் சீஸ் ஒட்டவில்லையா, கொஞ்சம் பசை சேர் என்றது. தினம் ஒரு சின்னக் கல் சாப்பிடலாம் என்றது. பசை யோசனை பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ வேடிக்கைக்குப் போட்ட ஒரு வரி. கல் யோசனை ஒரு நையாண்டிப் பத்திரிகையில் வந்தது. இயந்திரத்துக்குக் கேலியும் செய்தியும் ஒன்றாகத் தெரிந்தன. அதற்குப் பிறகு திருத்திக்கொண்டார்கள். ஆனால் எங்கே இருந்து எடுத்தாய் என்று கேட்கும் பழக்கம் பிள்ளைக்கு இல்லையென்றால் அடுத்த கல்லை யார் கண்டுபிடிப்பது? பதிலுக்குக் கீழே சான்று காட்டியிருந்தால் தொட்டுத் திறந்து, அந்த விஷயம் உண்மையாகவே அங்கே எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சான்றே இல்லாத பதிலைப் பரீட்சையிலும் எழுத வேண்டாம், பாட்டிக்கு மருந்தாகவும் கொடுக்க வேண்டாம்.

புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளாவுக்குள் போனால் நிலைமை வேறு. கண்ணூர் மாவட்ட ஆட்சியராக இருந்த மீர் முகமது அலி, தடுப்பூசி வதந்தியால் பெற்றோர் பின்வாங்கியதைப் பார்த்து, 2018-இல் ‘சத்யமேவ ஜயதே’ என்று பெயர் வைத்து 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச்செய்தியைக் கண்டுபிடிக்க வகுப்பு எடுக்கச் செய்தார். பிறகு அதே பெயரில் கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான ‘கைட்’ 2022-இல் 19 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தது. 2024-இல் ஐந்தாம், ஏழாம் வகுப்புக் கணினிப் பாடப்புத்தகத்திலேயே சேர்த்துவிட்டார்கள். நம்ம ஊர்த் தக்காளி காலையில் போய்ச் சேர்கிற ஊர்களில் பத்து வயதுப் பிள்ளை செய்தியைச் சரிபார்க்கப் படிக்கிறது. நம்மிடம் எதுவுமே இல்லை என்று சொல்லவில்லை. தமிழில் தகவல் சரிபார்க்கிற ‘யூடர்ன்’ தளம் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2023-இல் தகவல் சரிபார்ப்பகம் அமைத்தது. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பிஐபி 2019-லிருந்து இதைச் செய்கிறது. பார்க்கப் பழக்குங்கள். அரசாங்கத்தைப் பற்றிய செய்தியை அரசாங்கமே ‘பொய்’ என்று முத்திரை குத்தினால், அப்போதும் இன்னொரு கடையில் கேட்கச் சொல்லுங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிள்ளை இதைக் கற்றுக்கொண்டால் முதலில் மாட்டப்போவது நீங்கள்தான். சொந்தக்காரர் குரூப்பில் பெரியப்பா போடுகிற ‘இதை உடனே பத்துப் பேருக்கு அனுப்பவும்’ செய்திக்குக் கீழே, “பெரியப்பா, இது பழைய படம்” என்று போட்டுவிடும். மரியாதை தெரியாத பிள்ளை என்று அப்போது சீறாதீர்கள். வேண்டுமானால் குரூப்பில் போடாமல் தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். இன்னொரு பக்கமும் ஆபத்து இருக்கிறது: எதையுமே நம்பாதே என்று வளர்ந்த பிள்ளை டாக்டர் சொன்னாலும் நம்பாது, பாடப்புத்தகத்தையும் நம்பாது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்கள் பரவியபோது, அவை பொய் என்று அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபுவே சொன்னார். பீகாரிலிருந்து அதிகாரிகள் நேரில் வந்து பார்த்தார்கள். அப்படி நேரில் பார்த்துச் சொல்கிறவர்களை நம்பக் கற்றுக்கொள்வதும் இந்தப் படிப்பில் பாதி.

கடைசியாகப் பணம். கீழப்பாவூர், ஆலங்குளம் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிற தாய்மார்கள் இருக்கிறார்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத்துறை கல்வி உதவித்தொகை தருகிறது. வகுப்பைப் பொறுத்து ஆண்டுக்கு 1,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாய் வரை. விண்ணப்பம் தேசிய உதவித்தொகை இணையதளத்தில்தான், அதற்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. அம்மாவுக்கு அந்தத் தளம் தெரியாது, பிள்ளைதான் போனில் நிரப்புகிறது. அங்கேதான் வலை விரிக்கிறார்கள். ‘ஸ்காலர்ஷிப் சாங்ஷன் ஆகிவிட்டது, இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பணம் வரும்’ என்று கல்வித்துறை அதிகாரி மாதிரிப் பேசுவார்கள். தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. கியூஆர் ஸ்கேன் செய்து ‘பின்’ அடித்தால் பணம் போகும், வராது. இந்த ஒன்றைச் சின்னப் பிள்ளைக்கும் சொல்லிவிடலாம். அடுத்து ‘பிரதமர் இலவச லேப்டாப்’ என்று ஒரு லிங்க் வரும். பிஐபி எத்தனை முறை பொய் என்று சொன்னாலும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு திரும்ப வரும்.

முகவரியைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். அரசாங்கத் தளம் என்றால் பெயர் ‘ஜிஓவி.இன்’ அல்லது ‘என்ஐசி.இன்’ என்று முடியும். இந்த இரண்டையும் தனியார் வாங்க முடியாது. உதவித்தொகைக்கு ‘ஸ்காலர்ஷிப்ஸ்.ஜிஓவி.இன்’, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு ‘டிஎன்ரிசல்ட்ஸ்.என்ஐசி.இன்’. பெயருக்குள் எங்கேயோ நடுவில் ‘ஜிஓவி’ என்று இருந்தால் போதாது. பெயருக்குப் பின்னால் வருகிற முதல் சாய்கோட்டுக்கு முன்னால் எதில் முடிகிறது என்று பார்க்க வேண்டும். ‘ஜிஓவி’யில் ஆரம்பித்து ‘.காம்’ என்று முடிந்தால் அது யாரோ காசு கொடுத்து வாங்கிய பெயர். ‘.ஆர்க்’ என்பதையும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், தர்ம ஸ்தாபனம் என்று அர்த்தமில்லை. கூகுளில் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம், மேலே சின்னதாகப் போட்டிருப்பான். திருப்பதி தேவஸ்தானத்தின் பெயரிலேயே 2023 வாக்கில் நாற்பதுக்கும் மேற்பட்ட போலித் தளங்கள் பிடிபட்டன. ஏழுமலையானுக்கே இந்தக் கதி.

இவ்வளவு சொல்லியும் ஒரு நாள் பணம் போகலாம். போனால் உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் போட வேண்டும், அல்லது சைபர் குற்றங்களுக்கான மத்திய அரசுத் தளத்தில் புகார் பதிய வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் வங்கியில் முடக்கினால் திரும்பக் கிடைக்க வழி உண்டு. ஒரு நாள் கழித்துச் சொன்னால் கஷ்டம். அந்த ஒரு நாள் எப்படிப் போகிறது தெரியுமா? அப்பா தோலை உரித்துவிடுவார் என்று பயந்து பிள்ளை மூச்சு விடாமல் இருக்கிறது. அதனால் எதுவும் நடப்பதற்கு முன்னால், இன்று ராத்திரியே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்: “ஏ மக்கா, போன்ல என்ன தப்பு நடந்தாலும் மொதல்ல எங்கிட்ட வந்து சொல்லு. அடிக்க மாட்டேன்.” சொன்னபடியே அடிக்காமலும் இருங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை 1930-ஐக் கூப்பிட வேண்டும் என்பதே உங்களுக்குத் தெரியவராது.